மூன்றாம் படியில் நின்றவள்

எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு தகரப் பலகை மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறது. ‘மாடி வாடகைக்கு விடப்படும்’ என்று சிவப்பு எழுத்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் கட்டிய வீடு இது. கீழே நானும் என் வீட்டுக்காரரும் என் அம்மாவும் இருக்கிறோம். மாடியில் இருந்த மகன் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டான். இரண்டு அறை, சமையலறை, தனிக் குழாய் என்று எல்லாம் பூட்டிக் கிடக்கிறது.

“ஆணி அடிச்சாச்சு. போர்டு மாட்டிரவா?” என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் இவர் கேட்பார்.

“செத்த நேரம் பொறுங்க.”

“மூணு மாசமா ஒனக்கு அந்தச் செத்த நேரம் முடியலையா?”

நான் தையல் கடை வைத்திருப்பவள். ஜாக்கெட் பிடிக்கவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களை அதே ஜாக்கெட்டைப் போட வைத்து அனுப்புகிறவள். தெருவில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அடுப்படியில் வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன். உள்ளறையில் அம்மா காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவள் இருக்கும் பக்கம் நான் திரும்ப மாட்டேன்.

காரணம் மாடி அத்தை. அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். அப்பா ஒரு மில்லில் பிட்டர். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட் என்று மாறி மாறிப் போவார். வீட்டோடு மாப்பிள்ளை கிடைத்தால் ஆகும் என்று எனக்காக அவர் கட்டிய மாடி சும்மா கிடந்தது. நான் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதும் அம்மா வீட்டில் தனியாள் ஆனாள். “மாடிய விட்டா ஒனக்குத் துணையாவது இருக்கும்” என்று அப்பா ஆரம்பித்தார்.

அம்மாவுக்கு இஷ்டமில்லை. “பாதிய விட்டுட்டா மிச்சப் பாதி நம்மளுதா இருக்குமா?” என்றாள்.

“வீடு என்ன பணியாரமா, பிட்டுக் குடுக்க?” என்று அப்பா சிரித்தார்.

வந்து பார்த்த ஏழெட்டுக் குடும்பங்களை அம்மா ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பினாள். ஒருத்தருக்குப் பிள்ளைகள் அதிகம். ஒருத்தர் வந்த அன்றைக்கே சுவரைத் தட்டி, எங்கே ஆணி அடிக்கலாம் என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஒரு சனிக்கிழமை காலையில் அவள் வந்தாள். நான் அன்றைக்கு வீட்டில் இருந்தேன்.

கேட்டுக்கு உள்ளே பாண்டி நின்றிருந்தது. எங்கள் ஊர் நாய் என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். ஒரு வீட்டில் ஒரு கைக்குத்தான் அது பழகும். குட்டியாக வாங்கி வந்த அன்றே அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “நாய்க்கு ஒரு கைதான் சோறு வைக்கணும். ரெண்டு கை வச்சா அது காவலுக்கு ஆகாது.” அந்தக் கை அம்மாவுடைய கை. ஒருமுறை அம்மா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தபோது, நான் வைத்த கறிச்சோற்றைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்றைக்குப் பாண்டி குரைத்த குரைப்பில் வேறு யாராக இருந்தாலும் தெருமுனைக்கு ஓடியிருப்பார்கள். அவள் நகரவில்லை. கம்பியில் கை வைக்கவும் இல்லை. உயரமான, ஒடிசலான உடம்பு. வயது நாற்பத்தைந்து இருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சீலை, ஒரு கையில் தூக்குச்சட்டி. வாய்க்குள் ஒரு கிராம்பை அடக்கியிருந்தாள். எப்போதும் அப்படித்தான். நாய் குரைத்து ஓய்ந்து தானே உட்காரும் வரைக்கும், பஸ்ஸுக்கு நிற்பவள்போல நின்றாள்.

பிறகு அம்மாவைப் பார்த்து முதல் கேள்வி கேட்டாள். “நாய்க்குச் சோறு யாரு மதினி வைக்குறது?”

வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை. தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று கேட்கவில்லை.

“நாந்தான். வேற கையில திங்காது” என்று அம்மா பெருமையாகச் சொன்னாள்.

“நல்ல நாயி” என்றாள். மாடியைப் பார்க்கச் சொன்னபோது, “கீழ நல்லாருந்தா மேலயும் நல்லாத்தான் இருக்கும் மதினி” என்றாள். அம்மா அந்த இடத்திலேயே விழுந்துவிட்டாள். மறுவாரமே ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, மாடியில் பால் காய்ச்சி, முதல் டம்ளரை அம்மாவிடம் கொடுத்தாள்.

மதினி என்று அம்மாவைக் கூப்பிட்டாள். அப்பாவை முதலில் அண்ணாச்சி என்றாள், இரண்டாம் மாதத்தில் அண்ணே ஆகிவிட்டது. நான் அத்தை என்றேன். வேறு எப்படிக் கூப்பிடுவது? பல வருஷம் கழித்து, இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது அம்மா தானாகச் சொன்னாள்: “மதினின்னு சொன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும்ட்டி. மதினின்னா அவ எனக்கு நாத்தனா. நாத்தனாவுக்குப் பொறந்த வீட்டுல பேச்சு உண்டு. வாய் நெறைய வா வான்னு சொல்லி நானே அந்தப் பேச்சக் குடுத்துட்டேன்.”

சொந்த ஊர் கான்சாபுரம் பக்கம் என்றாள். புருஷன் பட்டாளத்தில் இருந்து செத்துப்போனதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள். எதிர்வீட்டில் ஒரு தெலுங்குக்கார அம்மா இருந்தார்கள், அவர்களிடம் புருஷன் போலீஸ் என்றும் மதுரையில் இருக்கிறார் என்றும் சொல்லியிருந்தாள். அம்மா இதைக் கேட்டபோது அவள் முகம் மாறவே இல்லை. “அவியளப் பத்தி இப்பப் பேசி என்ன செய்ய மதினி. நீங்க உக்காருங்க, முழங்கால் வலிக்கும்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அம்மாவும் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டில் யாருக்கு எந்தக் கால் வலிக்கும், யார் எதில் உப்பு கூடக் கேட்பார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அந்தக் கிராம்பு வாசம் மட்டும்தான்.

பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. அதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். ஒருமுறை பின்கட்டுக் கிணற்றில் அம்மாவின் வெண்கலக் குடம் விழுந்துவிட்டது. அப்பா பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டிக் கால்மணி நேரம் துழாவினார். கொக்கியில் எதுவும் மாட்டவில்லை, “போனாப் போகுது” என்று எழுந்துவிட்டார். அத்தை கயிற்றை வாங்கிக்கொண்டாள். “நீங்க போங்க அண்ணே, நான் பாத்துக்கிடுதேன்.” காலை எட்டு மணிக்குக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். கயிற்றை ஆட்டவில்லை, துழாவவில்லை. கரண்டியை அடிமண்ணில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். எப்போதாவது ஒரு விரல் அளவு நகர்த்துவாள். நான் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து வந்தேன். ஒன்றரை மணிக்குக் குடம் மேலே வந்தது.

“எப்படித்தே?” என்றேன்.

“தேடுனா அது ஒதுங்கும். நம்ம சும்மா இருந்தா அதுவா வந்து மாட்டும்” என்றாள். அன்றைக்கு அதைக் கேட்டு நான் சிரித்தேன்.

கெட்டவள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். முடியவில்லை. எனக்கு மஞ்சள் காமாலை வந்து இருபது நாள் வீட்டில் கிடந்தபோது, வேளைக்கு வேளை கஞ்சி காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்தவள் அவள்தான். நெற்றியில் அவள் கை பட்டால் குளிர்ச்சியாக இருக்கும். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இன்றைக்கும் கிராம்பு வாசம் வந்தால், முதலில் அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது. அடுத்த நொடியே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

எங்கள் வீட்டு மாடிப்படி முன்முற்றத்தில் இருந்து ஏறும். கீழிருந்து மூன்றாவது படிதான் அவள் இடம். வலது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு அங்கே நிற்பாள். உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. கூப்பிடாமல் எங்கள் வாசப்படியைத் தாண்டவும் மாட்டாள். அவள் எதையும் கேட்டதில்லை. அம்மா எதையாவது செய்யச் சலித்துக்கொள்ளும் வரைக்கும் காத்திருப்பாள். பிறகு, “நான் பாத்துக்கிடுதேன்” என்பாள், அம்புட்டுதான்.

முதலில் போனது தண்ணீர். விடியுமுன் எப்போது வரும் என்று தெரியாத குழாய்த் தண்ணிக்கு எழுந்திருக்க அம்மாவுக்கு முடியவில்லை. “தூங்குங்க மதினி, நான் பாத்துக்கிடுதேன்.” அடுத்து வாசல் கோலம். குனிந்தால் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். “குடுங்க மதினி.” அம்மா போடுவது நாலு வரிசைப் புள்ளி. அவள் தெருவையே அடைத்துப் போட்டாள். போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் பால்காரர், அப்புறம் காய்க்காரம்மா. ஒரு சனிக்கிழமை நான் வந்தபோது பால்காரர் மாடியைப் பார்த்து, “வீட்டுக்காரம்மா, நாளைக்கு எம்புட்டு ஊத்த?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா கீழே சமையலறை ஜன்னலில் நின்றிருந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

எதிர்வீட்டு அம்மா என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்கள். பெண்பிள்ளை யாரானாலும் தெலுங்கில் அவர்களுக்கு ‘அம்மாயி’தான். “அம்மாயி, ஒங்க மாடிக்காரி முந்தி குடியிருந்த வீட்டுக்காரம்மா இப்ப எங்க இருக்காக தெரியுமா? மக வீட்டுல. நல்லா இருந்த மனுசி. ஏன் போனாகன்னு யாருக்கும் சொல்லத் தெரியல.” நான் அதை வீட்டில் சொல்லவில்லை. இந்தத் தெருவில் பொறாமை இல்லாத வாய் ஏது என்று விட்டுவிட்டேன். எனக்கு அன்றைக்குப் புத்தி இருந்திருக்கலாம்.

திருநெல்வேலியில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். நாலு நாள் போக வேண்டும். நாய்க்கு யார் சோறு வைப்பது என்பதுதான் அம்மாவின் கவலை. “நான் வரல, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க” என்றாள்.

மூன்றாம் படியில் இருந்து குரல் வந்தது. “போயிட்டு வாங்க மதினி. நான் பாத்துக்கிடுதேன்.”

“அது ஒன் கையில திங்காது தங்கச்சி” என்றார் அப்பா.

“பசிச்சாத் திங்கும் அண்ணே. அதுக்குப் பசிக்கிறவரைக்கும் நம்ம பொறுக்கணும்.”

நாங்கள் போனோம். ஐந்தாம் நாள் பத்து மணிவாக்கில் ஆட்டோவில் வந்து இறங்கினோம். வழக்கமாக அம்மாவின் செருப்புச் சத்தத்துக்கே பாண்டி கேட்டின் மேல் தாவும். அன்றைக்கு மெதுவாக எழுந்து வந்தது. அம்மாவின் கையைக் கம்பி வழியாக முகர்ந்தது. அம்மா கொண்டியைத் தூக்கிக் கேட்டைத் தள்ளினாள். பாண்டி வழியை விடாமல் குறுக்கே நின்றது. குரைக்கவில்லை. தொண்டைக்குள் ஒரு சத்தம் மட்டும் வந்தது.

“பாண்டி, நான்டா” என்றாள் அம்மா.

அது தலையைத் திருப்பி மாடிப்படியைப் பார்த்தது. அத்தை மூன்றாம் படியில் நின்றிருந்தாள். கையில் அம்மாவின் பழைய அலுமினியத் தட்டு, நாய்க்குச் சோறு வைக்கிற தட்டு.

“விடு பாண்டி. மதினி வந்திருக்காக” என்றாள்.

அதற்குப் பிறகுதான் நாய் ஒதுங்கியது. அப்பா, “பாத்தியா, எப்படிப் பழக்கிட்டா” என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அம்மா கேட்டிலேயே நின்றாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் அம்மா வைத்த சோற்றைப் பாண்டி தொடவில்லை.

அதோடு அம்மாவுக்கு மொட்டைமாடி போயிற்று. மிளகாய் காயப்போட முறத்தோடு படியேறினால் பாண்டி படியில் படுத்துக்கொண்டு உறுமும். மேலிருந்து அத்தை இறங்கிவந்து முறத்தை வாங்கிக்கொள்வாள். “கால வச்சுக்கிட்டு நீங்க ஏன் ஏறுதிய மதினி.” ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவும் கேட்டில் நின்று, “தங்கச்சி, நாயப் பிடி” என்று குரல் கொடுக்கப் பழகிவிட்டார். குரல் கொடுத்த வாய்க்குக் காப்பியும் வந்தது. அப்பாவின் ஷிப்ட் எந்த நிமிஷம் முடியும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஊர் வேறு மாதிரிப் பேசியது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் அம்மாவுக்குச் சண்டை போடவாவது ஒரு பிடி கிடைத்திருக்கும். அத்தை சாயங்காலம் ஏழு மணிக்கு மாடிக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டால் விடியற்காலைதான் திறப்பாள். அப்பாவைத் தலை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. குண்டூசி அளவு பொருள்கூட வீட்டில் குறைந்ததில்லை. என்ன குற்றம் சொல்லி அவளை அனுப்புவது? கோலம் நன்றாகப் போடுகிறாள் என்றா?

அம்மா மெலிந்துபோனாள். என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஏம்மா இப்படி ரகசியமாப் பேசுற, நம்ம வீடுதான?” என்றேன்.

“யாரு வீட்டுலயோ ஒண்ட வந்த மாதிரி இருக்குட்டி” என்றாள்.

ஒருநாள் துணிந்து முற்றத்தில் நின்றே கேட்டுவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். “மகளுக்கு மாப்பிள்ள பாக்கப் போறோம். மாடி எங்களுக்கு வேணும். காலி பண்ணிக்கிடுங்க.”

அத்தை கோபப்படவில்லை. வாயில் இருந்த கிராம்பை ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். “சரி மதினி. அண்ணே ஒரு வார்த்த சொல்லட்டும், பெட்டியத் தூக்கிருதேன்.”

அப்பா சொல்லவில்லை. “ஒரு குத்தமும் பண்ணாத பொம்பளைய எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போகச் சொல்ல?” என்றார்.

அப்போது அம்மா, எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்தாள். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். சுந்தரபாண்டியத்தில் என் மாமா வீடு. “ஒங்க தங்கச்சியக் காலி பண்ணச் சொல்லிட்டு வந்து என்னையக் கூப்பிடுங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாள். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறாள். இரண்டு தடவையும் அப்பா மூன்றாம் நாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுஷன் அவர். சோற்றுக்கு எத்தனை நாள் ஓட்டல் படியேறுவார் என்பது அம்மாவின் கணக்கு.

நான் சனிக்கிழமை நேரே சுந்தரபாண்டியம் போனேன். அன்றைக்கு ஐந்தாம் நாள். அம்மா வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். “ஷிப்டு மாறியிருக்கும். நாளைக்கு வந்துருவாரு” என்றாள். அடுத்த சனிக்கிழமை போனபோது பன்னிரண்டாம் நாள். எழுந்து சீலை மாற்றிக்கொண்டாள். “வாட்டி, போவம்” என்றாள். இரண்டு பஸ் மாறி ராஜபாளையம் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில்.

அப்பா முற்றத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பனியன் வெளுத்து மடிப்புக் கலையாமல் இருந்தது. முகம் தெளிவாக இருந்தது. எங்களைவிட நன்றாக இருந்தார். அவர் காலடியில் பாண்டி படுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் நாயும் எழுந்தது, அவரும் எழுந்தார்.

“வா” என்றார் அப்பா. கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கு வந்தார். இடது கையைக் கொண்டியில் வைத்தார். வைத்தவர், அதைத் தூக்காமல், தலையைத் திருப்பி மாடிப்படியைப் பார்த்தார்.

அத்தை மூன்றாம் படியில் நின்றிருந்தாள்.

“தெறங்க அண்ணே. மதினி வந்திருக்காக” என்றாள்.

அப்பா கொண்டியைத் தூக்கினார்.

அம்மா உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. திறந்த கேட்டை அவளே இழுத்து மூடினாள். “சாப்பாடு ஆறிப்போகுது, போய் உக்காருங்க” என்று அப்பாவிடம் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் போய் அந்தப் பொம்பளையின் கொண்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று திமிறினேன். அம்மா விடவில்லை. “அவள என்ன சொல்ல? நான் அவரு பசிய நம்பிப் போனேன். பசி யாரு கைன்னு பாக்காதுட்டி. எனக்கு இம்புட்டு நாளு தெரியல” என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா அந்த வீட்டில் வாழவில்லை, மாமா வீட்டிலேயே இருந்துவிட்டாள். என் கல்யாணத்தில் அத்தை அப்பாவோடு வந்தாள். பந்தியில் நின்று அத்தனை பேருக்கும் இலை போட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என் வீட்டுக்காரர் அவளை எங்கள் சொந்த அத்தை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான கையோடு அம்மா என்னிடம் வந்துவிட்டாள். அப்பா மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார், மத்தியானச் சாப்பாட்டுக்குத் தூக்குச்சட்டியைக் கையோடு கொண்டுவருவார். என் வீட்டுச் சோறு அவருக்குச் செரிக்கவில்லையாம். பாண்டி செத்தது, அப்புறம் அப்பாவும் போனார். படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் அத்தை அவரைப் பார்த்துக்கொண்ட மாதிரி கூடப்பிறந்தவள்கூடப் பார்க்க மாட்டாள் என்று தெருவே சொன்னது. அது உண்மைதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை சாவிக்கொத்தை அம்மாவின் கையில் வைத்தாள். “எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க மதினி.” எல்லாம் சரியாக இருந்தது. கிணற்றில் எடுத்த வெண்கலக் குடம் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று இருந்தது. டிரங்குப் பெட்டியோடு அவள் கேட்டில் நின்றபோது, எங்கே போகிறீர்கள் என்று நான்தான் கேட்டேன்.

“கூமாப்பட்டிப் பக்கம் ஒரு வீடு பாத்திருக்கேன். அந்த மதினிக்கும் பாவம், ஒடம்புக்கு ஏலல” என்றாள்.

வீட்டை விற்றுவிட்டோம். விற்கிற வரைக்கும் அம்மா ஒரு தடவைகூட அந்த மாடிப்படி ஏறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இவர் பலகையைக் கையில் எடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஒங்க அப்பாவுக்குச் சோறு வடிக்கத் தெரியாததுக்கு நம்ம மாடி என்ன பண்ணும்?”

நியாயமான பேச்சு. நானும் நியாயமாகவே சொன்னேன். “சரி. ஒரு வாரம் நீங்களே வடிச்சு, நீங்களே போட்டுத் தின்னுங்க. எட்டாம் நாளு போர்ட நானே மாட்டுதேன்.”

“இம்புட்டுத்தானா?” என்றார். அம்மா உள்ளறைக் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கடையில் முகூர்த்த வேலை. நான் வீடு வர இரண்டரை ஆகிவிட்டது. இவர் சாப்பாட்டு மேசையில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் போன். அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. காலையில் நான் கழுவி வைத்த அரிசி தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

“நாளைலருந்து ஆரம்பிக்குதேன். பசிக்குது” என்றார், போனைப் பார்த்துக்கொண்டே.

முந்தின நாள் சோற்றைச் சூடு பண்ணினேன். குழம்பும் இருந்தது. வளையல் சத்தம் வராமல் பக்கத்தில் போய் நின்று பரிமாறினேன். அவர் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். போனில் யாரோ என்னவோ பேச, அதற்குச் சிரித்துக்கொண்டார். பிறகு தட்டை ஒரு பக்கமாக நகர்த்தி, “இன்னும் ரெண்டு கரண்டி கொழம்பு” என்றார்.

அம்மா கதவோரத்தில் நின்று என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். ஊற்றினேன். அவர் சாப்பிட்டார். யார் ஊற்றுகிறது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.